கண்ணைப் பார்த்துச் சொல்லு

ராணுவ அதிகாரி பயிற்சிக் கல்லூரி உதவித்தொகைக்கு மறுநாள் நேர்காணல். சாந்தோம் வீட்டில் ஜோனை எதிரே நிற்கவைத்து, ஆம்ப்ரோஸ் கெடுபிடியான அதிகாரியாகவே மாறியிருந்தார்.

"ராணுவம் எதுக்கு?"

"கஷ்டத்துல நாலு பேருக்கு முன்னால நிக்கணும், சார்."

"சபாஷ். அப்பா என்ன பண்றார்?"

ஜோன் தலைகுனிந்தாள். "இறந்துட்டார், சார்."

"தரையைப் பார்த்துச் சொன்னா எவன் நம்புவான்? கண்ணைப் பார்த்துச் சொல்லு."

நாலாவது தடவைதான் குரல் பிசிறாமல் வந்தது. "நான் பிறக்கறதுக்கு முன்னாடியே இறந்துட்டார், சார்."

"முழுக் கிணறும் தாண்டிட்டே!" என்றார் ஆம்ப்ரோஸ்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஜொவிட்டா கரண்டியோடு வந்தாள். "பட்டாளத்துலேர்ந்து பயந்து ஓடிவந்தது நீங்க. அதுக்கு என் பொண்ணு எதுக்குங்க பெத்த அப்பனைச் சாகடிக்கணும்?"

ஜோனின் பார்வை மறுபடி தரைக்குப் போனது.

"ஓடினவன் மகளுக்கு யார் உதவித்தொகை கொடுப்பா? இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார் ஆம்ப்ரோஸ்.