மூன்றாவது பெயர்

“யாரு மேடம் என் பேரக் குடுத்தது?”

லிஃப்ட் மெக்கானிக் உட்காராமலே கேட்டார். சீருடையெல்லாம் கிரீஸ் கறை. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி வந்திருந்தார்.

“அத மட்டும் கேக்காதீங்க. நீங்க சொல்றதும் இந்த ரூம விட்டு வெளிய போகாது” என்றார் ஆஸ்பத்திரி ஆலோசகர்.

பதினோரு வருடமாக அவருக்கு இதுதான் வேலை. ஒருவருக்கு சிபிலிஸ் என்று தெரிந்தால், அவரோடு உறவில் இருந்தவர்களைத் தேடிப் பிடித்து, பரிசோதனைக்கும் ஊசிக்கும் வரவழைக்க வேண்டும். சிலர் ஃபோனிலேயே கிழி கிழியென்று கிழித்துவிடுவார்கள். இவர் ஒரு மணி நேரத்தில் வந்து நின்றார்.

விரலில் குத்தி எடுத்த ஒரு சொட்டு ரத்தம் இருபது நிமிடத்தில் சொல்லிவிட்டது. இருக்கிறது.

“லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்குத் தைரியம் சொல்றவன் மேடம் நான்” என்று சிரிக்கப் பார்த்தார்.

இனி அவர் பெயர்களைச் சொல்ல வேண்டும்.

வெளியூரில் வேலை பார்த்தபோது பழக்கமான ஒருத்தி. அதற்கும் முன்னால் ஒருத்தி. இரண்டு பெயர்களையும் ஃபோன் எண்களையும் சொன்னார். அதோடு நிறுத்திக்கொண்டார்.

“வீட்ல?”

மெக்கானிக்கின் தலை தொங்கிப்போயிற்று. “ஆறு மாசம். எட்டு வருஷம் கழிச்சு இப்பதான்...”

“நேரத்துக்கு ஊசி போட்டா அம்மாவுக்கும் ஒண்ணும் ஆகாது, பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது.”

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். ஆலோசகர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார்.

மனைவியிடம், ரத்தம் குறைவாக இருக்கிறது, அதற்குத்தான் ஊசி என்று சொல்லிக் கூட்டி வரலாமா என்று மெக்கானிக் கேட்டார். கேட்டவரே தலையை ஆட்டிக்கொண்டார்.

“வேணாம். இன்னிக்கே நானே சொல்லிடறேன். என்ன பேசினாலும் வாங்கிக்கறேன்.”

பிறகு மனைவியின் பெயரைச் சொன்னார், எழுத்துப் பிசகாமல்.

ஆலோசகர் அதை முதல் தடவையாகக் கேட்பதுபோல் எழுதிக்கொண்டார்.

நான்கு நாளைக்கு முன், கர்ப்பகால ரத்தப் பரிசோதனையில் நோய் தெரிந்து, அந்தப் பெண் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முதல் ஊசி போட்டாயிற்று. கொடுப்பதற்கு அவளிடம் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

கொடுத்துவிட்டு, எழுந்து போகும்போது கேட்டுக்கொண்டாள்.

“நான் சொன்னேன்னு அவருக்குத் தெரிய வேணாங்க. அவரா வந்து எங்கிட்ட சொல்றாரான்னு பாக்கணும்.”