புகையில் போன குரல்

தீபிகாவின் குரலைக் குடித்த விஷம், வெள்ளை கேனில் இன்னும் பாதி மிச்சம் இருந்தது.

மேடையில் புகை கிளப்பும் மிஷினுக்காக ஜீவானந்தம் தன் கையாலேயே கலந்த திரவம் அது. ஏற்காடு மலைக் கிராமங்களில் அவனுடைய பாட்டுக் குழுவுக்கு இருந்த பெயரெல்லாம் தீபிகாவின் குரலாலும், பாடும்போது அவளைச் சுற்றி எழும் புகையாலும் வந்ததுதான்.

அவள் இப்போது அவன் எதிரே கழுத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வாயைத் திறந்தாள். வெறும் காற்றுதான் வந்தது. செல்போனில் டைப் அடித்து நீட்டினாள்.

'புகைதான் காரணம்னு டாக்டர் சொல்றாருங்கண்ணா. இனிமே பாட்டு வராதாம்.'

ஜீவானந்தம் கேனைக் கீழே வைத்தான். வண்டியை எடுத்துக்கொண்டு நேரே ஹனீபாவின் மருந்துக் கடைக்குப் போனான். கிளிசரின் வாங்குவது அங்கேதான்.

“பாய், பேட்டரிக்கு ஊத்தற டிஸ்டில்டு வாட்டரும் உங்க கிளிசரினும் மட்டுந்தானுங்க கலந்தேன்! வேற ஒரு சொட்டு சேர்க்கலை.”

“தோல்ல பூசறது வேற தம்பி, சூடேத்தி மூச்சுல இழுக்கறது வேற. மிஷின் நொம்பக் காய்ஞ்சா கிளிசரின் கருகிரும். அந்தப் புகை தொண்டையைப் புடிச்சுரும். ஊட்டுல கலக்கறேன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?”

ஹனீபா அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

“ஆமா, மிஷின் பக்கத்துலயே நிக்கற உனக்கு ஒரு இருமல்கூட இல்லியா?”

“நான் சும்மா நிக்கறேனுங்க. அவ மூச்சை இழுத்து இழுத்துல்ல பாடறா!”

மறுநாள் தீபிகா மறுபடி வந்தாள். கண் கலங்கியிருந்தது. போனை நீட்டினாள்.

'சத்தியம் பண்ணியிருக்கேனேண்ணா. பாட முடியாட்டி சாமி குத்தம் ஆயிருமா?'

அவனுக்குச் சுரீரென்றது. இந்தத் திருவிழா சீசன் முடியும்வரை உங்கள் மேடையில் மட்டுமே பாடுவேன் என்று, சேர்வராயன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவள் அவள்.

“குரலையும் போக்கிட்டு, குத்தத்தையும் உன் தலையில போடுவேனா கண்ணு? வா.”

அதே கோயிலில் அவளைப் பக்கத்தில் நிறுத்திச் சூடம் ஏற்றினான்.

“இவ பண்ணுன சத்தியத்தை நானே முறிச்சுக்கறேன் சாமி. பாவம் எதுவா இருந்தாலும் எனக்கு வரட்டும்.”

தீபிகா அவன் காலில் விழுந்து தேம்பினாள். அப்போதும் சத்தம் வரவில்லை.

பாடகி இல்லாத குழுவை எவன் கூப்பிடுவான்? வாழவந்தித் திருவிழாக் கச்சேரி வேறொரு குழுவுக்குப் போய்விட்டது. மற்ற ஊர்க்காரர்களும் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஜீவானந்தம் யாரையும் குறை சொல்லவில்லை. கேனைக் கொண்டுபோய்க் குழி தோண்டிக் கொட்டினான். மிஷினைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

வாழவந்தி மேடைக்கு லைட் போடும் மணிகண்டன் நெடுநாளாக அந்த மிஷினைக் கேட்டுக்கொண்டிருந்தான். திருவிழா அன்று சாயங்காலம் வண்டியின் பின்னால் கட்டி எடுத்துப்போய், மேடைக்குப் பின்புறம் அவன் முன்னால் இறக்கி வைத்தான் ஜீவானந்தம்.

“அட, நெசமாவே குடுக்கறீங்களாண்ணா? இன்னைக்கே போட்டுரலாமே!”

“போடு. ஆனா ஊட்டுல கலக்குன தண்ணியை மட்டும் ஊத்திராத மணி. ஒரு பொண்ணோட குரலையே கொன்னுட்டேன் நான்.”

முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

மணிகண்டன் மிஷினிலிருந்து கையை எடுத்தான். “அடக் கெரகமே! எதுக்குங்கண்ணா வம்பு, பாடற புள்ளையையே ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்.”

மேடைத் திரையைப் பார்த்துக் குரல் கொடுத்தான். “ஏம்மா, புகை போட்டா உனக்குத் தொண்டைக்கு ஆகுமா?”

திரைக்கு அந்தப் பக்கமிருந்து, மணி அடித்ததுபோல் வந்தது பதில்.

“அதெல்லாம் ஒண்ணும் பண்ணாதுங்கண்ணா... ரெண்டு வருசமா ஜீவாண்ணன் போட்ட புகைக்குள்ளதானே நின்னு பாடுனேன்!”