சிவக்காத ஆரத்தி

இப்போது எவனும் தெரியாது என்று சொல்வதில்லை. எதைக் கேட்டாலும் ஒரு காரணம் கைவசம் வைத்திருக்கிறான்.

இவனும் வைத்திருந்தான்.

வாசற்படிக்கு வெளியே என் மகள் வடிவு. பக்கத்தில் இவன். எங்களைக் கேட்காமல் இவனைக் கட்டிக்கொண்டு போனவள், ஒரு வருஷம் கழித்து இன்றுதான் வந்திருக்கிறாள்.

ஆரத்தி எடுக்காமல் உள்ளே கூப்பிட முடியாது.

தாம்பாளத்தில் மஞ்சள் தண்ணீர். என் வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பைச் சுரண்டிப் போட்டுக் கலக்கினாள் என் வீட்டுக்காரி.

சிவக்கவில்லை.

இன்னும் சுரண்டிப் போட்டாள். மஞ்சள் மஞ்சளாகவே கிடந்தது.

"என்னங்க இது, இப்படி..."



எனக்கும் திக்கென்றது. சாமிக்கே பிடிக்கவில்லையோ?

வடிவு கீழுதட்டைக் கடித்துக்கொண்டாள். அழக்கூடாது என்றால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இன்று திரும்பிப் போனால் இனி வரமாட்டாள். என் பிடிவாதம் அவளுக்கும் உண்டு.

"ஒண்ணுமில்ல மாமா" என்றான் இவன். "சுண்ணாம்பு ரொம்ப நாள் காத்துபட்டுக் கிடந்தா அதுல இருக்கிற காரம் போயிடும். வெறும் சாக்பீஸ் தூள்தான் மிஞ்சும். காரம் இருந்தாத்தான் மஞ்சள் சிவக்கும். புதுச் சுண்ணாம்பு போட்டுப் பாருங்க."

மாமாவாம்.

"முப்பது வருஷமா அதே பெட்டி, அதே காத்து. இத்தனை நாள் கெடாதது இப்பத்தான் கெட்டுச்சாக்கும்?"

"முன்னெல்லாம் தினமும் எடுத்துப் புழங்கியிருப்பீங்க. தீரத் தீரப் புதுசு வாங்கியிருப்பீங்க."



மதியம் சாப்பிட்டு எழுந்ததும் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, மடித்து, என் கையில் கொடுப்பது வடிவின் வேலையாக இருந்தது. வேறு யார் மடித்தாலும் எனக்கு வாய் வெந்துவிடும்.

அவள் பெட்டியைப் பார்த்தாள். காய்ந்து வெடித்துக் கிடந்த சுண்ணாம்பைப் பார்த்தாள். பிறகு என்னை.

"நான் போனதுல இருந்து வெத்தலையே போடலையாப்பா?"

நான் செருப்பை மாட்டினேன்.

"யாரும் நகரக்கூடாது. அப்படியே நில்லுங்க. கடைக்குப் போயிட்டு வந்துடுறேன்."

இவனையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

தெருவில் இறங்கி நடந்தேன். பின்னால் வடிவு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

காற்றுபட்டுக் காரம் போய்விட்டதாம். சொல்கிறான் பார், காரணம்.

வெற்றிலையும் ஒரு கட்டு வாங்க வேண்டும்.