சம்பளத்தோடு லீவு

"உங்க ஓனர் தங்கமான மனுஷர்ங்க" என்றாள் நர்ஸ் ஷாலினி, பெரியவரின் கையில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றிக்கொண்டே. "ஹோட்டல் வேலையில, அப்பாவைப் பாத்துக்கச் சம்பளத்தோட லீவா? நான் கேள்விப்பட்டதே இல்ல."

இசக்கி சிரித்து வைத்தான். கஞ்சியை ஸ்பூனில் எடுத்து ஊதிப் பெரியவரின் வாயில் வைத்தான். பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதில் பாதிக் கஞ்சி வெளியே வழிந்தது. துண்டால் துடைத்துவிட்டு அடுத்த ஸ்பூனை எடுத்தான்.

ஷாலினி இந்த மாடிக்கு டியூட்டி மாறி வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள். "பில்லும் அவரே கட்டறாராமே. சாயங்காலமானா இளநீரோட வந்து நிக்கறாரு. நேத்து கண்ணைத் தொடைச்சிக்கிட்டதை நானே பாத்தேன். செம்பூர்ல இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில எந்த முதலாளி இதெல்லாம் செய்வாரு?"

கேட்கிறவருக்கு ஆச்சரியமாகத்தான் இருக்கும். கிங்ஸ் சர்க்கிளில் ஹோட்டல் நடத்தும் கணேசபாண்டியன் லேசில் இளகுகிற ஆளா என்ன? இசக்கியின் மனைவி இசக்கிசெல்வி முழுகாமல் இருக்கிறாள். போன மாதம் அவளை ஸ்கேனுக்குக் கூட்டிப்போக அரைநாள் கேட்டதற்கு, முழுநாள் சம்பளத்தைப் பிடித்தவர் அவர்.

அப்படிப்பட்டவர்தான் போன வாரம் தோசைக்கல் பக்கம் வந்து, "நீ ஆஸ்பத்திரியில போயி இருல. எத்தனை நாளானாலும் பகார் கட் கிடையாது, முழுச் சம்பளம்" என்றார். பக்கத்தில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த ஷாகுல் ஹமீது கத்தியை வைத்துவிட்டு வாயைப் பிளந்தான். கொடுத்து வைத்தவன் என்று கடையே பேசியது.

இசக்கியின் போன் அடித்தது. தாராவியில் அடுத்த வீட்டு ரஷீதா.

"ஏ இசக்கி, செல்விக்குப் பனிக்குடம் உடைஞ்சிட்டு. ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துட்டேன். பிள்ளை திரும்பிக் கெடக்காம். உடனே ஆபரேஷன் பண்ணணும்ங்காவ. கையெழுத்துப் போட வீட்டுக்காரரைக் கேக்காவ. ஜல்தி வா."

பின்னாலேயே செல்வியின் குரல் வந்தது. "எனக்குப் பயமா இருக்கு. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

"வந்துருதேன்" என்று சொல்லிவிட்டான். எப்படி வருவது என்று அவனுக்கே தெரியவில்லை. கழுத்தில், நோயாளிக்குத் துணை இருப்பவருக்கு ஆஸ்பத்திரி தரும் பாஸ் தொங்கியது. எழுந்து நின்றான், பெரியவர் அவன் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார். பேச்சு வராதவர், விடவும் மாட்டேன் என்கிறார்.

"கெளம்புங்க" என்று ஷாலினி வாய் தவறிச் சொல்லிவிட்டு, உடனே தலையை ஆட்டினாள். "இல்லங்க, இவர் கூட வீட்டு ஆளு ஒருத்தர் இருந்தே ஆகணும். நேத்து ராத்திரி மாதிரி மூச்சு அடைச்சா கூப்பிடவாவது ஆள் வேணும். நான் இந்த மாடி முழுக்கப் பாக்கணும்."

"வேற யாரும் இல்லியே சிஸ்டர்."

"ஏன், உங்க ஓனர் வர்ற நேரந்தானே. விஷயத்தைச் சொல்லுங்க. அவருக்கு இருக்கற மனசுக்கு அவரே உக்காந்துக்குவாரு."

இசக்கிக்கும் வேறு வழி தெரியவில்லை. ரஷீதாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து என்னவென்று சொல்வது? கடவுளே, இந்த மனுஷன் இன்றைக்காவது சீக்கிரம் வரக்கூடாதா என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கணேசபாண்டியன் இளநீரோடு வந்தார். பெரியவரின் பாதத்தைத் தொட்டுச் சூடு பார்த்தார், போர்வையை இழுத்துவிட்டார். ஷாலினி இசக்கியைப் பார்த்துக் கண்ணாலேயே 'கேளுங்க' என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.

"அண்ணாச்சி, செல்விக்கு வலி கண்டுட்டு. ஆபரேஷனாம். நான் போயி கையெழுத்துப் போட்டுட்டு ஓடியாந்துருதேன். அதுவரைக்கும் நீங்க கொஞ்சம் இங்க..."

"நான் இங்க உக்காந்தா கல்லாவுல யாருல உக்காருவா? சாயங்காலம் கூட்டம் எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"ஒரு மணி நேரந்தான் அண்ணாச்சி. மொதப் பிள்ளை. தலைமாட்டுல நான் நின்னா அவளுக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும்."

"அதான் கூட ஆள் இருக்கால்லா. போன்ல பேசு."

"கையெழுத்து நாந்தான் போடணும்ங்காவ அண்ணாச்சி." கையைக் கூப்பிவிட்டான். "வேணும்னா இந்த மாசச் சம்பளம் பூரா பிடிச்சிக்கோங்க. இன்னைக்கு ஒரு நாள் எனக்கு லீவு தாங்க."

கணேசபாண்டியனுக்குக் கோபமெல்லாம் வரவில்லை. இவன் என்ன பேசுகிறான் என்றுதான் அவருக்குப் புரியவில்லை. இளநீரை அவன் கையில் கொடுத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"எங்க அப்பாவைப் பாத்துக்கிடத்தானேல உனக்கு லீவே குடுத்தேன்."