முதல் நாள் கல்லூரி

கல்லூரி வாசலில் ஷானன் காரை நிறுத்தினாள். பக்கத்து சீட்டில் வெண்டலுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"சாண்ட்விச் எடுத்துக்கிட்டியா?"

"ஆச்சு, ஆச்சு."

"கடைசி பெஞ்சுல உக்காந்து தூங்கக் கூடாது."

"சத்தமாப் பேசி மானத்தை வாங்காத. எல்லாரும் பாக்கறாங்க."

உள்ளே அட்மிஷன் கவுன்ட்டரில் இருந்த பெண் ஷானனை நிமிர்ந்து பார்த்தாள். "சேரப்போற பையன் வரலையா?"

"இவர்தான். எங்கப்பா. அறுபத்தேழு வயசு."

"இந்த வயசுல படிப்பு மேல அவ்வளவு ஆசையா சார்?"

வெண்டலுக்குக் குஷி தாங்கவில்லை. "அந்தக் காலத்துல ஒரு கோடை லீவு முழுக்க ஓட்டல்ல தட்டு கழுவி என் ஃபீஸைக் கட்டிட்டேன். இவ படிப்புக்கு என் பேர்ல வாங்கின கடனை இருபது வருஷமா கட்டறேன், தீரல. நான் காலேஜ்ல படிக்கிற வரைக்கும் தவணை கேக்க மாட்டாங்களாம். நம்ம கெண்டக்கி மாநிலத்துல கிழவங்களுக்கு ஃபீஸும் கிடையாது."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாளைக்கே எங்கப்பாவையும் கூட்டிட்டு வரேன்."

வகுப்பு வாசல் வரை கூடவே போன ஷானன், அவர் காலரை இழுத்துச் சரிசெய்தாள்.

"அப்பா, ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்க. சீக்கிரமா பாஸ் பண்ணித் தொலைச்சிடாத."