வெறுங்குரல்

அவள் ஹெட்ஃபோனைக் கழற்றித் தலையை ஆட்டினாள்.

இதிலும் இல்லை.

டென்சில் அடுத்த ஃபைலைத் திறந்தான். மணி பதினொன்று. காலையில் வாங்கிய இட்லிப் பொட்டலம் பிரிக்காமலேயே ஸ்பீக்கர் மேல் கிடந்தது.

பெரம்பூரில் அவன் வீட்டு மாடி அறைதான் 'அரைத்தூக்கம்' இசைக்குழுவின் ஸ்டுடியோ. குழு என்றால் பெரிய பட்டாளம் ஒன்றுமில்லை. அவனுடைய கிதார், அவளுடைய குரல், மற்றதெல்லாம் கம்ப்யூட்டர்.

அவர்கள் வாசிப்பதற்கு ட்ரீம் பாப் என்று பெயர். கிதாரும் குரலும் எதிரொலியில் ஊறி, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் வரும். பாட்டு வரி பாதி புரியாது. புரியாததுதான் அழகு என்றார்கள் கேட்டவர்கள். முதல் ஆல்பத்தை நாற்பதாயிரம் பேர் கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் மட்டும், "அந்தப் பொண்ணு என்ன, கெணத்துக்குள்ள நின்னா பாடுது?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டாவது ஆல்பத்துக்கு ஒன்பது பாட்டு. மூன்றைப் பாடி முடித்திருந்தாள். அப்போதுதான் கழுத்தில் கட்டி. தைராய்டு என்றார்கள். ஆபரேஷன் முடியட்டும், மிச்சம் ஆறையும் நிதானமாகப் பாடிக்கொள்ளலாம் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

கட்டி போயிற்று. கூடவே குரலும்.

நூற்றில் ஒருவருக்கு நரம்பு பாதிக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். பிறகு, ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள் என்றார். அந்த ஒரு வருடமும் போன செவ்வாயோடு முடிந்துவிட்டது.

இப்போது அவள் வாயைத் திறந்தால் வருவது காற்று.

ஒரு சாஃப்ட்வேரைப் பற்றி டென்சில்தான் கேள்விப்பட்டு ஓடி வந்தான். பழைய குரலைப் பத்து நிமிடம் கொடுத்தால் போதும். அதே குரலில் எதை வேண்டுமானாலும் பாடும். பேசக்கூடப் பேசுமாம். ஒரே ஒரு நிபந்தனை, அது வெறுங்குரலாக இருக்க வேண்டும். எதிரொலி கூடாது, கிதார் கூடாது.

பத்து நிமிடம்தானே என்று சிரித்துக்கொண்டுதான் தேட ஆரம்பித்தார்கள்.

இது மூன்றாவது நாள்.

டென்சில் பதிவு செய்த குரலை அப்படியே வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. எதிரொலியைக் கலப்பான். கலந்ததைச் சேமிப்பான். மூலத்தை அழித்துவிடுவான். டிஸ்க்கில் இடம் பற்றாது. தவிர, வெறுங்குரலை யார் கேட்கப் போகிறார்கள்?

இப்போது கேட்கிறார்கள்.

டிகாக்‌ஷனில் ஊற்றிய பாலைத் திரும்ப எடுக்கிற கதைதான். நாலு விதமாக முயன்று பார்த்தான். ஒவ்வொரு தடவையும் எதிரொலி போகும்போது குரலையும் கூட்டிக்கொண்டு போனது.

அவளும் வீட்டில் தேடாமல் இல்லை. வாட்ஸப்பில் பேசி அனுப்பும் பழக்கம் அவளுக்குக் கிடையாது, எல்லாம் டைப் செய்ததுதான். அக்கா கல்யாண வீடியோவில் அவள் பேசுகிற இடமெல்லாம் நாதஸ்வரம்.

முப்பத்திரண்டு வருடம் அந்தக் குரலில் பேசியிருக்கிறாள். பத்து நிமிடம் கிடைக்கவில்லை.

அவளுக்கு அழுகை வந்தது. அதற்கும் சத்தம் இல்லை.

"எல்லாம் என்னாலதான்," என்றான் டென்சில், திரும்பாமல். திரும்பினால் அவனும் அழுதுவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். தோளில் தட்டினாள். அடுத்ததைத் திற.

அடுத்தது என்று மிஞ்சியிருந்தது ஒரே ஒரு ஃபோல்டர். மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க எடுத்த துண்டுகள். பாட்டு எதுவும் இல்லாததால் அவற்றை அழிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை.

மௌனம். ஃபேன் சத்தம். அவனுடைய இருமல். மறுபடி ஃபேன்.

பிறகு அவளுடைய மூச்சு.

இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது ஆல்பத்தின் முதல் நாள் அது. அவள் ஹெட்ஃபோனில் எதிரொலியைப் போட மறந்துவிட்டுப் பதிவை ஓடவிட்டிருக்கிறான். ஸ்பீக்கரில் ஒரு பெண் பாடினாள். கொஞ்சம் கட்டைக் குரல், கொஞ்சம் மூக்கால் வருவது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல அவ்வளவு கிட்டத்தில். ஒரே ஒரு வார்த்தை. சட்டென்று நிறுத்தினாள்.

"ஐயய்யே, நிறுத்துடா! என் கொரல் அப்படியே கேக்குது. மொதல்ல எக்கோவப் போட்டு அத மூடு."

அவ்வளவுதான். பதினோரு நொடி.

டென்சிலின் கை மவுஸிலேயே நின்றுவிட்டது.

அவள் ஒரு விரலைக் காட்டினாள். இன்னொரு தடவை.

ஓட்டினான்.

மறுபடியும் விரல்.

ஐந்தாவது தடவை, அந்த ஒரு வார்த்தை முடிகிற இடத்தில், அவள் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தாள்.

"பாடுடி," என்றாள். காற்றுதான் வந்தது.

ஸ்பீக்கரில் இருந்தவள் நிறுத்தச் சொன்னாள்.