பீன்ஸுக்குக் காது உண்டா?

"அண்ணா, நீ அளக்கிறது தப்பு."

வாசற்படியில் நின்றபடி தங்கை சொன்னாள். குனிந்து பீன்ஸ் செடியை அளந்துகொண்டிருந்தவனின் கையிலிருந்து ஸ்கேல் நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. விதை ஆராய்ச்சி நிலையத்தில் பதினெட்டு வருட உத்தியோகம். அளக்கத் தெரியவில்லை என்று ஒருத்தி சொன்னால் ஸ்கேல் விழத்தானே செய்யும்.

"என்ன தப்பு?" என்றான், திரும்பாமலே.

"நுனி வளைஞ்சிருக்கு. நிமிர்த்திப் பிடிச்சு அளக்கணும். அரை சென்டிமீட்டரை முழுங்கிட்ட."

"அரை சென்டிமீட்டர்ல என்ன குடி முழுகிடும்?"

"என் கட்சி தோத்துடும்."

விஷயம் இதுதான். பேசினால் செடி நன்றாக வளரும் என்று ஒரு கருதுகோள். மாடியில், தங்கை வந்து தங்கியிருக்கும் அறையை ஒட்டி இரண்டு சின்ன அறைகள். ஒரே பக்கம் ஜன்னல், ஒரே மண், ஒரே பாக்கெட் விதை, அறைக்குப் பத்துத் தொட்டி. முதல் அறைச் செடிகளோடு தங்கை தினமும் அரை மணி நேரம் பேச வேண்டும். அடுத்த அறைச் செடிகளுக்கு அவன் வாயைத் திறக்காமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். அவன் மனைவி இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தது அந்த அறையில்தான் நிறைவேறியது.

"நிலையத்துச் சோதனைம்மா, அங்க இடமில்ல. தோத்துப் போனா மேலதிகாரி முகத்துல முழிக்க முடியாது" என்று அவன் சொன்னபோது, தங்கை பாவம் பார்த்துத் தலையாட்டினாள்.

விதிப்படி பேசுகிறாளா என்று கதவுக்கு வெளியே நின்று ஒட்டுக்கேட்பதும் அவன் பொறுப்பு. முதல் வாரம் விதைப் பாக்கெட்டில் அச்சடித்திருந்ததை வாசித்தாள். பிறகு பழைய செய்தித்தாள். மூன்றாவது வாரம் எட்டாம் தொட்டியைச் சோம்பேறி என்று திட்ட ஆரம்பித்துவிட்டாள். இன்று நாற்பதாவது நாள். கடைசி அளவு. முடிந்ததும் தொட்டிகள் கிளம்பிவிடும்.

அவன் நுனியை நிமிர்த்தி அளந்தான். "போன வாரம் வரைக்கும் ரெண்டு அறையும் ஒரே உயரம். இந்த வாரம் மட்டும் உன் பத்தும் ரெண்டு விரல் ஏறியிருக்கு."

"பார்த்தியா. எல்லாம் பேச்சோட பலன்."

"இலை ஓரமெல்லாம் கருகியிருக்கே, அதுவும் பேச்சோட பலனா? அவ்வளவு சூடா என்ன பேசின?"

தங்கை ஜன்னலைப் பார்த்தாள்.

"யூரியா எத்தனை ஸ்பூன்?"

"ஒண்ணுதான்... தொட்டிக்கு. நீ மேலதிகாரிகிட்ட திட்டு வாங்கக் கூடாதுன்னுதான்" என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். யூரியாவுக்கு நெடி கிடையாது. பழியை அதன்மேல் போடவும் வழியில்லை.

"அப்ப இந்த வார அளவு செல்லாது. நாம கை வெச்சதுக்குப் பேரு ஆதாரம் இல்ல. முந்தின வாரத்தோட நிறுத்தினா, கருதுகோள் தோத்துப் போச்சு."

"நீ அந்த அறையில வாயே திறக்கலைங்கிறதுக்கு என்ன ஆதாரம்? தினமும் தும்முவியே, எனக்குக் கேட்டுச்சு."

"தும்மல் ஒரு பேச்சா?"

"அது செடிக்கு எப்படித் தெரியும்?"

அது நிலையத்தில் எவரும் கேட்காத கேள்வி.

"பீன்ஸுக்குக் காது மந்தமா இருக்கலாம்" என்று அவள் தொடர்ந்தாள். "தக்காளி வெச்சுப் பார்ப்போம். இன்னொரு நாற்பது நாள் குடு. தொட்டியைத் தூக்கிட்டுப் போயிடாத."

"தக்காளியும் வளரலைன்னா?"

"நான் பேசின விஷயம் அதுக்குப் பிடிக்கலைன்னு அர்த்தம்."

"என்ன நடந்தா தோல்வின்னு முதல்லயே சொல்லிடணும், அதுதான் கருதுகோள். என்ன நடந்தாலும் ஜெயிக்கிறதுக்குப் பேரு உங்க அண்ணி."

"இரு, அண்ணிகிட்ட சொல்றேன்."

"சொல்லு. தாராளமா போய்ச் சொல்லு" என்றான் அவசரமாக.

அங்கேயே அவன் விட்டுக்கொடுத்திருக்கலாம். விடவில்லை. அவள் ஒன்று சொன்னால் இரண்டு குறுக்குக் கேள்வி கேட்டான். அவளும் சளைக்கவில்லை. அவனுடைய ஸ்கேல், அவனுடைய மேலதிகாரி, கடைசியில் அவனுடைய வழுக்கை வரை சபைக்கு வந்தன.

"முதல்ல உன் தலையில பேசிப் பார்க்கணும். அங்க ஒரு முடி முளைச்சா உலகமே நம்பும்."

"சரிம்மா, தக்காளி" என்று சரணடைந்தான்.

கீழே இறங்கி, வாசல் கதவைச் சாத்திவிட்டு, தெருவில் நின்று போனை எடுத்து எண்களை அழுத்தினான். விரல் இரண்டு முறை தவறியது.

"சொல்லுங்க சார், உங்க சோதனை என்ன ஆச்சு?" என்றார் மறுமுனையில் மனநல மருத்துவர்.

"ஜெயிச்சிடுச்சு டாக்டர்" என்றான். "புருஷன் தவறின நாள்லேர்ந்து எட்டு மாசமா எங்க யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேசாத என் தங்கச்சி, இன்னைக்கு என்னை அண்ணான்னு கூப்பிட்டு, முக்கால் மணி நேரம் திட்டினா."